ஏலம் போகாதவன் எங்கே போவான்?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன், சீயமங்கலம்



ஏலம் என்ற வார்த்தை நமக்குப் புதுசு கிடையாது. செஞ்சி கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகாத வீடு நம்ம பக்கத்தில் குறைவு. வியாபாரி வருவார், ஒரு கை அள்ளிப் பார்ப்பார், பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார், விலை போடுவார். கட்டினால் கொடுப்போம். கட்டாவிட்டால் இருப்பு வைத்து நாளைக்குப் பார்ப்போம். அன்றைக்கு விலை போகாத நெல்லை ‘பதர்’ என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இந்தக் காலத்தில் மனிதர்களையும் ஏலத்தில் எடுக்கிறார்கள். கிரிக்கெட்டில் எடுக்கிறார்கள், கபடியில் எடுக்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூ என்று நம் கல்லூரிக்குள் நடப்பதும் சுத்தியல் தட்டாத ஏலம்தான். இந்த ஏலங்களில் விலை போனவரின் போட்டோ பேப்பரில் வருகிறது. விலை போகாதவர் என்ன ஆகிறார்? அவருக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு? இதை யாரும் நமக்குக் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. நானே போட்டுப் பார்க்கிறேன், கூட வாருங்கள்.

முதலில் கிரிக்கெட். 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரத்தில் ஐ.பி.எல். பெரிய ஏலம் நடந்தது. அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். அதில் வடிகட்டி ஏலப் பட்டியலில் வைத்தவர்கள் 577 பேர். கடைசியில் பத்து அணிகளும் சேர்ந்து வாங்கியது 182 பேரை. அதற்குச் செலவான பணம் 639 கோடியே 15 லட்சம். ரிஷப் பந்த் 27 கோடி. பதிமூன்று வயசுப் பையன் வைபவ் சூர்யவன்ஷி 1 கோடியே 10 லட்சம். இவை எல்லோருக்கும் தெரிந்த எண்கள். யாரும் பேசாத எண் ஒன்று இருக்கிறது. 1,574-ல் 182-ஐக் கழித்தால் 1,392. நூறு பேர் வரிசையில் நின்றால் உள்ளே போனவர் பதினொன்று, பன்னிரண்டு பேர்தான். மீதி 88 பேர் வெளியே.

இந்த 88 பேரும் மட்டமான ஆட்டக்காரர்களா? சற்றே யோசித்துப் பாருங்கள். அதே ஏலத்தில் ஷர்துல் தாக்கூரை யாரும் வாங்கவில்லை. இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டமும் ஆடியவர். நான்கு மாதம் கழித்து லக்னோ அணியில் மொசின் கானுக்குக் காயம். அந்த இடத்துக்குத் தாக்கூரைக் கூப்பிட்டார்கள். 2025 மார்ச் 27 அன்று ஹைதராபாத் அணிக்கு எதிராக 34 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார்.

ரஜத் படிதார் கதை இதைவிடப் பெரிசு. 2022 ஏலத்தில் அவரை எடுக்க ஆளில்லை. பெங்களூர் அணியில் ஒருவர் காயம்பட்டு விலக, இருபது லட்சத்துக்கு மாற்று ஆளாகப் போனார். அந்த மே 25-ஆம் தேதி கல்கத்தாவில் லக்னோவுக்கு எதிரான வெளியேற்று ஆட்டத்தில் 54 பந்தில் 112, அவுட் இல்லை. மூன்று வருடம் கழித்து, 2025 ஜூன் 3 அன்று, பெங்களூர் அணி பதினெட்டு வருடம் காத்திருந்த கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியின் கேப்டன் அவர்தான்! 2011-ல் கிறிஸ் கெய்லுக்கும் இதே கதை. ஜனவரி ஏலத்தில் போகவில்லை. ஏப்ரலில் மாற்று ஆளாக வந்து முதல் ஆட்டத்திலேயே சதம். அந்தப் பருவத்தின் அதிக ரன் அவருடையது, 608.

இதைப் படித்தவுடன் “பார்த்தாயா, முயன்றால் முடியும்” என்று கை தட்டிவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள். நாம் இன்னும் கொஞ்சம் தோண்டுவோம்.

இந்த மூன்று பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மூன்று பேருமே ஏலத்துக்கு முன்னாடியே ஐ.பி.எல். ஆடியவர்கள். போன் நம்பர் அணிக்காரர்களிடம் இருந்தது. இன்னொருவர் காயம்பட்டு இடம் காலியானபோது ஞாபகத்துக்கு வந்த பெயர் அவர்களுடையது. அதாவது, திறமை மட்டும் கதவைத் திறக்கவில்லை. ஒரு காலியிடமும், அந்த நேரத்தில் ஞாபகம் வரும் பெயரும் சேர்ந்துதான் திறந்தது. அப்படியென்றால், முன்பின் யாருக்கும் தெரியாத சின்னப்பம்பட்டிப் பையனுக்கும் சீயமங்கலத்துப் பையனுக்கும் வழி எது?

சின்னப்பம்பட்டி என்று சும்மா சொல்லவில்லை. சேலம் பக்கத்து நடராஜன் இருபது வயசு வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். அம்மா ரோட்டோரம் கறிக்கடை போட்டவர். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திண்டுக்கல் அணிக்குப் போட்ட யார்க்கர்கள்தான் அவரை வெளியே காட்டின. 2017 ஏலத்தில் பத்து லட்ச அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். இந்த இடத்தோடு சினிமா முடிந்துவிடும். ஆனால் நிஜம் முடியவில்லை. அடுத்த வருடம் அந்த அணி விட்டுவிட்டது, ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது, பெஞ்சில் உட்கார்ந்தார்.

2020 கடைசியில் இந்திய அணி ஆஸ்திரேலியா போனபோது நடராஜன் அணியில் இல்லை. ‘நெட் பவுலர்’ என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் மட்டை பிடித்துப் பழக, பந்து போட்டுக்கொடுக்கிற ஆள். அப்புறம் வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்றதும் இருபது ஓவர் அணியில் அந்த இடம் நடராஜனுக்கு வந்தது. டிசம்பர் 2 அன்று கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம், 4-ஆம் தேதி முதல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர். போனது பந்து போட்டுக்கொடுக்கிற வேலைக்கு!

அந்த வருண் சக்கரவர்த்தியும் நெட் பவுலராக இருந்தவர்தான். கட்டிடக்கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டு, இருபத்தைந்தை ஒட்டிய வயசில் மறுபடி பந்தைத் தொட்டவர். சென்னை, கல்கத்தா அணிகளின் வலையில் பந்து போட்டார். 2018-ல் மதுரை அணிக்கு ஆடிக் கோப்பை. அந்த டிசம்பர் ஏலத்தில் 8 கோடியே 40 லட்சம். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 9 விக்கெட்.

ஆக, பின்வாசல் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் நெட் பவுலர், மாற்று ஆள், சின்ன லீக். இந்தப் பின்வாசலைத் தெளிவாகக் கட்டி வைத்திருப்பவர்கள் அமெரிக்கக்காரர்கள். அவர்களுடைய கால்பந்து நம்ம கால்பந்து கிடையாது. ஹெல்மெட் போட்டு முட்டி மோதிக் கையில் பந்தோடு ஓடுவது. 32 அணிகள். வருடத்துக்கு ஒரு முறை கல்லூரி வீரர்களை ஏழு சுற்றில் பங்கு பிரித்துக்கொள்வார்கள்; சுமார் 250 பேருக்கு இடம். பெயர் வராதவர்களை அணிகள் அன்று ராத்திரியே போன் போட்டுக் கூப்பிடும். வெயில்காலப் பயிற்சி முகாமில் ஒரு அணிக்கு 90 பேர் இருக்கலாம். ஆகஸ்ட் கடைசியில் 53 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒரு அணிக்கு 37 பேர் என்றால் 32 அணிக்கும் 1,184 பேர், ஒரே வாரத்துக்குள் பெட்டி கட்டுகிறார்கள்.

அதிலும் ஒரு அநியாயம் உண்டு. முதல் சுற்றில் பெரிய பணம் கொடுத்து எடுத்தவன் நாலு தப்புச் செய்தாலும் அணி பொறுத்துக்கொள்ளும். போட்ட பணத்தைக் காப்பாற்ற வேண்டுமே! பெயர் வராமல் வந்தவன் ஒரு தப்புச் செய்தால் போதும். ஆனால் அவனுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. பெயர் வந்தவன் கூப்பிட்ட அணிக்குத்தான் போக வேண்டும். பெயர் வராதவனுக்கு இரண்டு மூன்று போன் வந்தால், எந்த அணியில் தன் இடத்துக்கு ஆள் குறைச்சல் என்று பார்த்துப் போகலாம். கெட்டிக்காரன் கூடப் பணம் கொடுக்கும் அணியைப் பார்க்க மாட்டான், காலியிடம் இருக்கும் அணியைப் பார்ப்பான். 53-ல் வராதவர்களில் சிலரை ‘பயிற்சிக் குழு’ என்று 16 பேர்வரை சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். எவனாவது காயம்பட்டால் அங்கிருந்து எடுப்பார்கள்.

கர்ட் வார்னர் என்று ஒருவர். 1994-ல் ஏழு சுற்றிலும் பெயர் வரவில்லை. ஒரு அணி முகாமுக்குக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பியது. ஊருக்கு வந்து மளிகைக் கடையில் ராத்திரி ஷிஃப்டில் சாமான் அடுக்கினார். உள்ளரங்கச் சின்ன லீக்கில் ஆடினார், ஐரோப்பாவில் போய் ஆடினார். 1999-ல் செயின்ட் லூயிஸ் அணியின் முதல் ஆட்டக்காரருக்கு முழங்காலில் அடிபட, வார்னர் இறங்கினார். 2000 ஜனவரியில் அந்த அணி சாம்பியன். ஆட்ட நாயகன் வார்னர். இடையில் ஐந்து வருடம்! அந்த ஐந்து வருடத்தில் அவரைக் காப்பாற்றியது என்ன? மளிகைக் கடைச் சம்பளமும், சின்னதாக இருந்தாலும் ஆட ஒரு மைதானமும்.

நண்பர்களே, இங்கேதான் நெல் மூட்டை உதாரணம் உடைகிறது. விலை போகாத மூட்டை கோடவுனில் சும்மா கிடக்கும், அதுக்குப் பசிக்காது. மனுஷனுக்குப் பசிக்கும். அவனை நம்பி வீட்டில் நாலு பேர் இருப்பார்கள்.

எங்கள் பெரியப்பா மகன் கபடியில் ரெய்டர். எனக்கு ஆறு வயசு மூப்பு. பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் சுத்துப்பட்டு ஊர்களில் எங்கே ராத்திரி மேட்ச் என்றாலும் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இரண்டு முறை வீரர் தேர்வுக்குப் போனார். இரண்டு முறையும் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. “இன்னாடா, பேரு வந்துச்சா?” என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. ஏன் எடுக்கவில்லை, கால் பத்தவில்லையா, எடை பத்தவில்லையா, அடுத்த முறை எதைச் சரிசெய்து வர வேண்டும் என்று ஒரு வரி சொல்ல அங்கே யாரும் இல்லை. இப்போது சென்னையில் சென்ட்ரிங் வேலை. கம்பி கட்டிய கையோடு மேட்ச்சுக்கு மட்டும் பஸ் ஏறி வருகிறார்.

அண்ணனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. புரோ கபடி 2014-ல் தொடங்கியது. நம்ம தமிழ் தலைவாஸ் 2017-ல் சேர்ந்தது. 2018-ல் ஈரானின் ஃபசல் அட்ராச்சலி ஒரு கோடியைத் தொட்ட முதல் ஆள். ஆனால் அதே 2018-ல் ஏலத்துக்கு வெளியே, புதிய இளம் வீரர் என்ற வழியில் டெல்லி அணிக்குள் வந்தவர் நவீன் குமார். அப்போது அவருக்கு வயசு பதினெட்டு, என் வயசு. 2022 பிப்ரவரியில் டெல்லி கோப்பை வாங்கியபோது அந்த அணியின் தூண் அவர். வயசாகிவிட்டதே என்பவர்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் இருக்கிறார். நாற்பதைத் தாண்டிய வயசில், 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். தலைகீழாகவும் பாருங்கள். 1,800 ரெய்டு புள்ளி எடுத்த பர்தீப் நர்வாலை 2025 ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் ஓய்வு அறிவித்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆளுக்கே விலை இல்லை என்றால், ஏலம் சொல்வது ஆளின் மதிப்பை இல்லை. அன்றைக்கு அணிக்காரன் கையில் இருக்கும் பணத்தையும் அவனுக்கு இருக்கும் ஓட்டையையும்தான்.

ஆனால் புது இளைஞர் வழிக்குப் போக ஒருவர் நம்மை எங்கேயாவது பார்த்திருக்க வேண்டும். திருவிழா மேட்ச்சில் அண்ணன் எத்தனை ரெய்டு போனார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று எழுதி வைத்த நோட்டு ஒன்றுகூட எங்கள் பக்கத்தில் கிடையாது. ஜெயித்தவனுக்கு ஆட்டுக்கிடா, இரண்டாம் பரிசு அண்டா, அவ்வளவோடு சரி. நடராஜனுக்குத் தமிழ்நாடு பிரீமியர் லீக் என்ற நடுப்படி இருந்தது. வார்னருக்கு உள்ளரங்க லீக் இருந்தது. எங்கள் அண்ணனுக்கு ஊர்த்திடலுக்கும் ஏல மேடைக்கும் நடுவில் படி தெரியவில்லை. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரிப் பிரிவு போலவே பொதுப் பிரிவும் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இதெல்லாம் கம்பி கட்டுகிற இடத்தில் நிற்பவர் காதுக்கு எப்படிப் போகும்? படிக்கிற நாம்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் 54 பேர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனி 9 பேரை எடுத்தது. மீதி 45 பேரில் நான் ஒருவன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலை. கேம்பஸில் வரவில்லை என்று சொன்னபோது அப்பா திட்டவில்லை. “அப்ப இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கணக்கெல்லாம் போட்டேன்.

பதில் இருக்கிறது. நமக்கும் நெட் பவுலர் வேலை உண்டு. அதன் பெயர் அப்ரண்டிஸ். 1961-ஆம் வருடத்துத் தொழில் பழகுநர் சட்டப்படி டிப்ளமோ முடித்தவர்கள் ஒரு வருடம் கம்பெனிக்குள் போய்ப் பழகலாம். தென்னிந்தியாவுக்கு அதைப் பார்ப்பது சென்னை தரமணியில் இருக்கும் பயிற்சி வாரியம். உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது. முடித்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. அதை மறைக்காமல் தெரிந்துகொண்டே போவோம். ஆனால் ஒரு வருடம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றவன், இடம் காலியாகும்போது ஞாபகத்துக்கு வருவான். கேம்பஸில் எடுத்தவன் கம்பெனி சொன்ன ஊருக்குத்தான் போக வேண்டும். எடுக்காதவன், எங்கே ஆள் குறைச்சல் என்று பார்த்துப் போகலாம். எல்லோரும் ஓடுகிற பெரிய கார் கம்பெனி வாசலில் ஆயிரத்தில் ஒருவனாக நிற்பதா, மோல்டு, டை வேலை செய்கிற இருபது பேர் பட்டறையில் எல்லா மெஷினும் கற்றுக்கொள்வதா? நான் இரண்டாவதைத்தான் தேடுகிறேன். மேலே படிக்க நினைப்பவருக்கு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் திறந்திருக்கிறது.

சில பேர் கேட்கலாம்: “எப்போ வரைக்கும் முயற்சி பண்றது? காலம் பூரா நெட்டிலேயே பந்து போடறதா?” நியாயமான கேள்வி. ‘விடாதே, முயற்சி செய்’ என்று சொல்வது சுலபம். சொல்கிறவனுக்குச் செலவு இல்லை. அதனால் கெடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு வருடமோ மூன்று வருடமோ, அந்தக் கெடுவை வீட்டில் உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். அதுவரைக்கும் சோறு போடுகிற வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். கெடு முடிந்து விட்டால் தலை குனியத் தேவையில்லை. 1,392 பேர் விலை போகாத ஏலத்தில் நாமும் ஒருவர் என்பது வெட்கப்படுகிற விஷயமா? ஆனால் கெடு முடியும் முன்னே ஊர் பேச்சுக்குப் பயந்து விடுவதும் கூடாது.

நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, கேம்பஸில் வந்தவர்கள் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறோம். வராதவர்களுக்கு ஒரு பதிவேடு திறப்போம். யாருக்கு என்ன மெஷின் தெரியும், யார் எந்த ஊர், யாருக்கு அரியர் என்று எழுதி, போன வருடம் போன சீனியர்களிடம் காலியிடம் கேட்டு மாதம் ஒரு முறை சொல்லுவோம். இரண்டு, இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளிடம் வராதவனுக்கும் ஒரு வரி காரணம் கேட்டு வாங்குவோம். மூன்று, நம் கல்லூரிக் கபடி அணிக்கு இந்த வருடத்திலிருந்து ரெய்டு, டேக்கிள் எல்லாம் நோட்டில் எழுதுவோம். சுற்று ஊர்த் திருவிழா மேட்ச்சுக்கும் இரண்டு பேர் நோட்டோடு போவோம். காசு பெரிசாகச் செலவாகாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, கொஞ்சம் மனசு.

ஜூனியர் தம்பி தங்கைகளே, அடுத்த வருடம் நீங்களும் அந்த இன்டர்வியூ ஹாலில் உட்காருவீர்கள். பட்டியல் படிப்பார்கள். உங்கள் பெயர் வந்தால் சந்தோஷம், பார்ட்டி வையுங்கள். வராவிட்டால் அன்று ராத்திரியே பேரவைப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். பட்டியல் படித்து முடித்த பிறகும் இடங்கள் காலியாகிக்கொண்டேதான் இருக்கும். அப்போது ஞாபகத்துக்கு வருகிற பெயராக நம் பெயர் இருக்கட்டும்!